கௌரவம் என்ற பெயரில் கூலித் திருட்டு

தறியில் உட்காருகிறவரை நெசவுத் தொழிலாளி என்கிறோம். நாற்று நடுகிறவளை விவசாயக் கூலி என்கிறோம். சர்க்கார் கல்லூரியில் வேலை நிரந்தரமில்லாமல் பாடம் நடத்துகிறவருக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "கௌரவ விரிவுரையாளர்"! அவருக்குக் கொடுப்பது சம்பளம் அல்லவாம், "மதிப்பூதியம்". பெயரில் கௌரவமும் மதிப்பும் பொங்கி வழிகின்றன. கையில் விழுவது என்ன?

2025 ஜூலையில் சர்க்கார் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இந்த வகையில் 574 பேரை எடுப்பதாக அறிவித்தார்கள். மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதம் கல்லூரிக்கும் பூட்டு, விரிவுரையாளர் வீட்டு அடுப்புக்கும் பூட்டு. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி, பாவு காயாமல், வேலையில்லாமல் கையைக் கட்டி உட்காரும் தேசூர், ஆரணி நெசவாளிக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மழை யாருடைய உத்தரவின் பேரிலும் வருவதில்லை. மே மாதப் பட்டினியோ சர்க்கார் உத்தரவிலேயே எழுதப்பட்டு வருகிறது!

அதே கல்லூரியில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாயில் தொடங்குகிறது. பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி தனி. படிகளை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கூட்டினாலும் ஆண்டுக்கு 6,92,400 ரூபாய். கௌரவக்காரருக்கு 2,75,000. ஆக, ஓர் ஆளுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 4,17,400 ரூபாயை சர்க்கார் மிச்சம் பிடிக்கிறது. ஆலை முதலாளி இதைச் செய்தால் சுரண்டல் என்கிறோம். சர்க்கார் செய்தால் கௌரவமா?

"மாதம் இருபத்தையாயிரம்! நமக்கு அதுகூட இல்லையே. படித்தவன் பாட்டை நாம் ஏன் பாடவேண்டும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படித்தவன் யார்? மிராசுதார் வீட்டுப் பிள்ளையா? தேசூரிலிருந்தும் வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறிச் செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் போவது யார் பிள்ளைகள்? உங்கள் பிள்ளைகள். அதில் ஒருத்தி எம்.ஏ. முடித்து, நெட் பரீட்சை தேறி, டாக்டர் பட்டமும் வாங்குவதற்குள் முப்பது வயதாகிவிடுகிறது. தாயின் நடவுக் கூலியும், சேலைக்கு இவ்வளவு என்று தகப்பன் வாங்கிய நெசவுக் கூலியும் அந்தப் பட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவள் கூலியில் கைவைப்பது, உங்களிடம் ஒருமுறை பறித்ததை மறுமுறையும் பறிப்பதல்லாமல் வேறென்ன? டாக்டர் பட்டத்துக்கு 25,000 என்று சர்க்காரே விலை கட்டிவிட்ட பிறகு, தனியார் கல்லூரி முதலாளி அதற்கு மேல் ஏன் கொடுக்கப்போகிறான்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1981-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். (479-வது நாளில் ஆளை நிறுத்தும் முதலாளிகளின் வித்தையும் தெரியும்.) ஆனால் ஆசிரியர் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் வரமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பத்து வருஷம் பாடம் நடத்தினாலும் அவர் "கௌரவ" ஆசாமிதான்!

ஒப்பந்த ஆசிரியர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2019 ஜனவரியில், வருகை ஆசிரியருக்கு ஒரு பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது. 2025 ஜனவரியில் வந்த புதிய வரைவிலோ பத்துப் பேர் என்ற வரம்பையே காணோம். விதியை மீறுகிறவனைத் தண்டிப்பானேன், விதியையே எடுத்துவிடுவோம் என்பது தில்லியின் யோசனை! அந்த வரைவை எதிர்த்துச் சென்னைச் சட்டசபை அந்த மாதமே தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம், வரவேற்கிறோம். ஆனால் தில்லி சொன்ன 50,000-ல் பாதியைக் கொடுத்துக்கொண்டே தில்லியை எதிர்ப்பதாகப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

"பரீட்சை எழுதி நிரந்தர வேலைக்கு வரட்டுமே" என்கிறார்கள். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் புது அறிவிப்பு வந்தது, 2,708 இடங்களுக்கு! மிச்சம் 1,292 இடங்களை யார் விழுங்கினார்கள்? ஆராய்ச்சி மாணவர் நிலையும் இதே கதைதான். நெட் உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. அது கிடைக்காமல் மத்திய சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறவருக்கு 8,000.

கோர்ட்டில் சில வெற்றிகள் வந்திருக்கின்றன. குஜராத் சர்க்கார் பொறியியல் கல்லூரிகளில் மாதம் 30,000 வாங்கிய ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரப் பதவியின் குறைந்தபட்சச் சம்பள விகிதத்தைக் கொடுக்கும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழக்காகப் போய்வர எத்தனை மே மாதங்கள் கழியும்?

அமெரிக்காவில் வேறு வழி பிடித்தார்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பாடம் நடத்தும் உதவியாளர்கள், ஆராய்ச்சி உதவியாளர்கள் உட்பட 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கம் எது? மோட்டார் கார் தொழிலாளர்களின் சங்கம்! டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்கள், "நாங்கள் கௌரவமானவர்கள்" என்று ஒதுங்கி நிற்காமல், கார் தொழிற்சாலைத் தொழிலாளியின் சங்கத்தில் சேர்ந்தார்கள். சுமார் ஆறு வாரம் போராடினார்கள். பாட உதவியாளர்களின் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 23,000 டாலரிலிருந்து படிப்படியாக 34,000 டாலராக உயர ஒப்பந்தம் ஆயிற்று.

நம் விரிவுரையாளர்களும் தர்ணா செய்கிறார்கள், உண்ணாவிரதம் இருக்கிறார்கள், பெரும்பாலும் தனியாகவே. அடுத்தமுறை அவர்கள் செய்யாறு கல்லூரி வாசலில் உட்காரும்போது, தேசூர் நெசவாளியும் விவசாயத் தொழிலாளியும் சிப்காட் ஆலைத் தோழர்களும் அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். மே மாதச் சம்பளம், 50,000 ரூபாய், காலியிடம் அத்தனைக்கும் நிரந்தர நியமனம் என்ற மூன்று கோரிக்கைகளையும் இப்போதே ஆலை வாயில் கூட்டங்களில் வைக்கத் தொடங்குங்கள், தோழர்களே!