2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வைத்தியம்

நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறான். வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். அதன் பிறகுதான் மருந்து கொடுக்கிறார்.

அந்த நோயாளி 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? அவன் பேச்சு வெறும் உளறலாக இருந்தால்? அவனுடைய பாஷையை அறிந்தவர்கள் மிகச் சிலராக இருந்தால்?

அமெரிக்க விஞ்ஞானிகள் 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் இப்படித்தான் தவித்தார்கள்.

உளறிய விண்கலம்

1977-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஏவப்பட்டது வாயேஜர்-1 என்னும் விண்கலம். வியாழனையும் சனியையும் படம் பிடித்து அனுப்பியது. 2012-ம் ஆண்டு, நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் புகுந்தது. மனிதன் செய்த பொருள்களில் அவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

அதில் மூன்று வகைக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லாவற்றின் நினைவகத்தையும் கூட்டினால் சுமார் 70 கிலோபைட்தான். இன்று நம் சட்டைப்பையில் உள்ள செல்போன் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடைக்க முடியாது!

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்று, கருவிகள் தரும் தகவல்களைத் திரட்டி, பூமிக்கு அனுப்புவதற்கு ஏற்றபடி அடுக்கிக் கொடுப்பது. நவம்பர் 14-ந் தேதி முதல் அதிலிருந்து பொருளற்ற எண்கள் வரத் தொடங்கின. பூமியிலிருந்து போன உத்தரவுகள் விண்கலத்தின் காதில் விழுந்தன. ஆனால் அது சொன்ன பதில்தான் யாருக்கும் விளங்கவில்லை.

ஜன்னல் இல்லாத அறை

இன்று புரோகிராம் எழுதுகிறவர்களிடம் 'டிபக்கர்' என்று ஒரு சாதனம் இருக்கிறது. பிழை எங்கே இருக்கிறது என்று தேட உதவுவது அது. ஓடும் புரோகிராமைப் பாதியில் நிறுத்தலாம். ஒவ்வொரு வரியாக ஓட விடலாம். நினைவகத்தின் எந்த அறையில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மூடிய யந்திரத்துக்கு வைத்த ஜன்னல் என்றே இதைச் சொல்லலாம்.

வாயேஜரின் கம்ப்யூட்டர் அதற்கென்றே தனியாகச் செய்யப்பட்டது. அதன் கட்டளைகள் 'அசெம்பிளி' என்னும் பழைய பாணி பாஷையில் எழுதப்பட்டவை. அங்கே ஏது இத்தனை வசதி? ஒரு கேள்வி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர மறுபடியும் இருபத்திரண்டரை மணி நேரம். கேட்டு அறிய இரண்டு நாள் ஆகும்!

2024-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஒரு கட்டளை அனுப்பினார்கள். "பழுதான இடத்தைச் சுற்றிக் கொண்டு வேறு வழியாகப் போய்ப் பார்" என்பது அதன் கருத்து. 3-ந் தேதி பதில் வந்தது. மற்ற உளறலிலிருந்து அதில் ஒரு பகுதி மட்டும் மாறுபட்டிருந்தது. விண்கலங்களோடு தொடர்பு கொள்ளும் ரேடியோ நிலையப் பிரிவைச் சேர்ந்த ஒரு எஞ்சினீயர் அதை விடாமல் ஆராய்ந்தார். 10-ந் தேதி உண்மை புலப்பட்டது. வந்திருந்தது, அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் முழுவதற்குமான நகல்!

பழைய நகல் தந்த விடை

பழுது ஏற்படுவதற்கு முன்பு வந்த நகல் ஒன்று பூமியில் பத்திரமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. ஒரே ஒரு சில்லு செயலிழந்ததுதான் காரணம்.

சில்லை மாற்ற அங்கே யார் போக முடியும்? அதில் இருந்த கட்டளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மொத்தமாக வைக்கப் போதிய காலி இடம் எங்கும் இல்லை. ஆகவே துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறு மூலைகளில் வைத்தார்கள். அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும்படி திருத்தினார்கள். ஏப்ரல் 18-ந் தேதி முதல் துண்டு புறப்பட்டது. 20-ந் தேதி வாயேஜர் தெளிவாகப் பேசியது. ஜூன் மாதத்துக்குள் அதன் நான்கு விஞ்ஞானக் கருவிகளும் மீண்டும் வேலை செய்தன.

நமக்கு என்ன?

"எங்கேயோ ஆகாயத்தில் நடந்தது நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். பூமியிலும் இதே கதைதான். 2020-ம் ஆண்டு ஏப்ரலில், கொள்ளை நோயால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் உதவிப் பணம் கேட்டுக் குவிந்தார்கள். மாகாணத்தின் கம்ப்யூட்டர்களோ மிகப் பழையவை. 1959-ல் உருவாகத் தொடங்கிய 'கோபோல்' பாஷை தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று கவர்னர் பில் மர்பி பகிரங்கமாகக் கேட்டுக் கொண்டார்.

நாலு பேர் பேசும் பாஷைக்கு யார் புதிதாக டிபக்கர் செய்து விற்பார்கள்? வியாபாரிக்கு லாபம் இல்லை என்றால் அவர் கைவிடுவார். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த யந்திரத்தை நம்பிக் காரியம் நடத்தும் சர்க்காரும் பாங்கும் அதே காரணத்தைச் சொல்லலாமா? ஜன்னலுக்கு ஆகும் செலவை அவர்கள்தான் ஏற்க வேண்டும்.

பழையது என்பதற்காகவே ஒன்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றலாம். ஆனால் மாற்றும் நாள் வரை அதன் நாடியைப் பார்க்க ஒரு வழி இருந்தாக வேண்டும். பழைய நகல்களும் குறிப்புகளும் பத்திரமாக இருக்க வேண்டும். அந்தப் பாஷையை முதியவர்களிடமிருந்து நாலு இளைஞர்களாவது கற்றுக் கொள்ள வேண்டும்.

வாயேஜரைக் காப்பாற்றியது புதுச் சாமான் அல்ல. ஒரு பழைய நகலும், அதைப் படிக்கத் தெரிந்த மனிதர்களுமே!