மழுங்கிய ரம்பம் யாரை அறுக்கும்?

கொடைக்கானலில் மரம் என்ற பேச்சை எடுத்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். வெட்டு என்று ஒரு கட்சி. வெட்டாதே என்று ஒரு கட்சி. இரண்டிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள், பதவியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கருத்தரங்குக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் இல்லாத ஒரே ஆள், செயின் சாவைக் கையில் பிடித்திருக்கும் அந்த மெஷின்காரர்தான்.

இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுவோம். அவருடைய கூலியைப் பற்றி மட்டும் இல்லை. அவர் மெஷினில் சுற்றும் செயினின் பல் கூர்மையாக இருக்கிறதா என்பதைப் பற்றி. 'இதெல்லாம் ஒரு விஷயமா சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பழனி மலையில் ஒரு காடு மீளுமா என்பதும், ஒரு மனிதர் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்புவாரா என்பதும் அந்தப் பல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் காட்டைப் பார்ப்போம். பழனி மலையின் மேல்தட்டில் இயற்கை வைத்திருந்தது இரண்டே இரண்டு. பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. நாம்தான் அந்தப் புல்வெளியை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று நினைத்தோம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் நட்டோம். கூழ் மரத்துக்காக யூகலிப்டஸ், பைன் என்று நட்டுக்கொண்டே போனோம். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. 1973-லிருந்து 2014-க்குள் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அது சொன்னது. போன இடத்தில் பெரும்பாலும் நாம் நட்ட மரங்களும் விவசாயமும்.

அப்புறம் ஞானம் வந்தது. 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. எல்லாம் சரி. ஆனால் வாட்டிலை அகற்றுவது என்பது கல்யாண மண்டபத்தில் நாற்காலியை எடுத்து அடுக்குகிற வேலை இல்லை. இந்த மலையில் பல இடங்களில் வாட்டில் நிழலுக்குக் கீழேயே சோலை மரக் கன்றுகள் முளைத்து வளர்ந்திருக்கின்றன. மொத்தமாக மொட்டையடித்தால் அவையும் போகும். வெயில் தரையில் பட்டதும், மண்ணில் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருக்கும் வாட்டில் விதை எழுந்து நிற்கும். ஆகவே அத்தகைய இடங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பக்கமே சாய்க்க வேண்டும்.

இங்கேதான் நம் மெஷின்காரரின் செயின் வருகிறது.

ஒரு மரத்தைக் குறித்த பக்கம் சாய்க்க, முதலில் அந்தப் பக்கம் ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு பின்பக்கமிருந்து அறுத்து வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அது கதவுக்குக் கீல் மாதிரி. கீல் ஒரே சீராக இருந்தால் மரம் சொன்னபடி விழும். செயினில் ஒரு பக்கப் பல் கூர்மையாகவும் மறுபக்கப் பல் மழுங்கியும் இருந்தால் வெட்டு நேராகப் போகாது, வளைந்து போகும். கீல் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும். அப்புறம் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். சோலைக் கன்றுகள் மேல் விழலாம். வெட்டியவர் மேலும் விழலாம். மரத்துக்கு என்ன தெரியும்?

கூர்மையான ரம்பம்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். மழுங்கிய ரம்பம்தான் அதைவிடப் பெரிய ஆபத்து. வீட்டில் காய் நறுக்குகிறவர்களைக் கேளுங்கள், மொக்கைக் கத்திதான் விரலை வெட்டும் என்பார்கள். கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும். மழுங்கிய செயினை உடம்பின் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். அழுத்துகிறவரின் கால் பிடிமானம் சரிவில் வழுக்கும், கவனம் சிதறும். பாரின் நுனி எதிலாவது இடித்தால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பி எகிறும். முழு வேகத்தில் அந்தச் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல். நெடுஞ்சாலையில் பஸ் போகிற வேகம், ஒரு முழம் தூரத்தில்.

இந்தப் பல்லின் கதையே சுவாரசியமானது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். நாரின் போக்கைப் பற்றிக் கவலைப்படாமல், இடமும் வலமுமாகத் தாடையால் சீவிக்கொண்டே போனது புழு. அதைப் பார்த்துத்தான் இடதும் வலதுமாக வளைந்த பல் வைத்த செயினை அவர் உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க ஓடுகிற செயின்கள் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கண்டுபிடித்தவர் காட்டில் வேலை பார்த்தவர். காட்டில் வேலை பார்க்கிறவனுக்கு மூளை இருக்கும் என்று நம்பிய ஊரில் அது நடந்தது.

சரி, கூர் பிடிப்பது என்ன ராக்கெட் விடுகிற வேலையா? இல்லவே இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம். உருண்டையான அரம் ஒன்று வேண்டும். எந்தச் செயினுக்கு எந்தத் தடிமன் என்று கணக்கு உண்டு. சின்னச் செயினுக்கு 4 மில்லிமீட்டர், நடுத்தரத்துக்கு 4.8, பெரிய செயின் என்றால் தயாரிப்பைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. பாரை ஒரு பிடிப்பில் இறுக்கிவிட்டு, பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரிக் கோணத்தில், பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மட்டும் அரத்தைத் தள்ள வேண்டும். முன்னும் பின்னுமாக ராவக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று இழுப்பு. இருப்பதிலேயே குட்டையான பல் எதுவோ, அதன் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவர வேண்டும். 18 அங்குல பாரில் முப்பதுக்கு மேல் பற்கள் இருக்கும். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டி மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் ராவி மேட்டை விட்டுவிட்டால் செயின் கடிக்காது. 'இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்' என்று மேட்டை அளவுக்கு மீறி ராவினால் செயின் மரத்தைக் கவ்விப் பிடித்து மெஷினையே தூக்கி அடிக்கும். இதற்கு அளவுகோல் ஒன்று கடையில் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் தகடு. அதுகூட இல்லாமல் கண் மதிப்பில் ராவுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

கூர் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? மரம் சொல்லும். கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் துப்பும். மழுங்கினது மாவாகக் கொட்டும். மாவு கொட்டினால் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்த முடியாது. டன் கணக்கில் கூலி என்றால், அரம் போடும் பத்து நிமிடத்துக்கு யார் காசு தருவார்கள்?

அடுத்தது இன்ஜின். உங்களில் பலர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டியிருப்பீர்கள். அதே சங்கதிதான். பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் உயவு. பழைய மெஷின்களில் கார்புரேட்டரை ஸ்க்ரூ திருகித்தான் டியூன் செய்ய வேண்டும். ஒன்று மெதுவாக ஓடுவதற்கு, ஒன்று முழு வேகத்துக்கு, ஒன்று ஐடிலிங்குக்கு.

இப்போது மலையை நினைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு அடிவாரம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் செய்த மெஷினை மேலே கொண்டுபோனால் காற்று பற்றாமல் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் இருமும், புகைக்கும், இழுவை போகும். உடனே ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைப்பார்கள். மேலே அது சரிதான். வேலை முடிந்து அதே மெஷின் கீழே தென்னை வெட்ட இறங்குகிறது. திருகிய ஸ்க்ரூ திருகியபடியே இருக்கிறது. இப்போது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதோடு சேர்ந்து ஆயிலும் குறைவு. மெஷின் விர்ரென்று அருமையாகச் சத்தம் போடும். 'சூப்பரா ஓடுதுண்ணே' என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கடன் வாங்கி வாங்கிய மெஷின் என்றால், அன்றோடு ஒரு வீட்டின் வருமானமும் பிடித்துக்கொள்ளும்.

ஐடிலிங் ஸ்க்ரூ இன்னும் மோசம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தால், சரிவில் மெஷினோடு நடக்கிறவர் ஒருமுறை தடுக்கி விழுந்தால் போதும்.

நான் படித்தது பி.காம். அதனால் கணக்காகவும் சொல்கிறேன். அரத்தின் விலை ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். புதுச் செயின் அதைப் போலப் பல மடங்கு. மழுங்கிய செயின் அதே மரத்தை அறுக்கக் கூடுதல் பெட்ரோல் குடிக்கிறது, பாரைத் தின்கிறது, கிளட்சைத் தேய்க்கிறது. இதெல்லாம் தேய்மானக் கணக்கில் வரும். எந்தப் பேரேட்டிலும் வராதது மனிதத் தேய்மானம். செயின் சாவின் அதிர்வால் விரல்களில் ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப்போகும் நோய், 1960-களிலேயே ஜப்பானிலும் பிரிட்டனிலும் வனத் தொழிலாளர்களிடம் பதிவாகியிருக்கிறது. குளிர் அதைக் கிளப்பிவிடும். பராமரிக்காத மெஷின் அதிர்வைக் கூட்டும். கொடைக்கானல் குளிரில் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றுகிற நாம், அதே குளிரில் நாள் முழுக்க மெஷின் பிடிக்கிற விரல்களை யோசித்ததுண்டா?

பிரிட்டனில் மரங்களில் தொழில்ரீதியாக செயின் சா பிடிக்கிறவர் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். அங்கே பயிற்சியின் ஆரம்பப் பாடமே மெஷின் பராமரிப்பு. அதாவது முதலில் கூர் பிடி, அப்புறம் மரத்தைத் தொடு. நாம்? கார் ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கையில் ஓடுகிற ரம்பத்தை, காசு கொடுத்த யாருக்கும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

'கூர் பிடிக்கச் சொல்லித் தந்தால் மரத் திருடனுக்கும் வசதிதானே?' என்று ஒருவர் கேட்பார். மரத்தைக் காப்பது மொக்கை ரம்பம் இல்லை சார், சட்டம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதை ஒழுங்காக அமல்படுத்துங்கள். திருடனைப் பிடிக்க வக்கில்லாமல் தொழிலாளியின் ரம்பம் மழுங்கட்டும் என்பது என்ன நியாயம்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கொடைக்கானல் வரை மரங்கள் விழுந்து பாதை அடைத்தன. அன்று ஊரே தேடியது இந்த மெஷின்காரர்களைத்தான். மண்ணில் புரண்ட மரத்தை அறுத்தால் செயின் சீக்கிரமே மழுங்கும். பாதை திறந்ததும் ஃபோட்டோவில் நின்றது வேறு யாரோ.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வனத்துறையும் பிற அரசுத் துறைகளும் மரம் அகற்ற டெண்டர் விடும்போது, பயிற்சி பெற்ற ஆளுக்குத்தான் மெஷின் என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஹெல்மெட், காது மூடி, கால் பாதுகாப்பு உடை ஆகியவற்றின் செலவு ஒப்பந்தக்காரருடையது என்று ஒரு வரி. அரம் போடும் நேரமும் வேலை நேரம்தான் என்று ஒரு வரி. மெஷின் விற்கிற கம்பெனிகள் தமிழில் கையேடு தரட்டும், படம் போட்டு. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை என்று நாலு ஊரில் நாலு நாள் பட்டறை நடத்தினால் போதும். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குத் திண்ணையில் சொல்லித்தருவார்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. புயலுக்குப் பயந்து வாசல் வேப்பமரத்தின் கிளையைக் கழிக்க ஆள் கூப்பிடுவீர்கள். வழக்கமாக என்ன கேட்போம்? 'எவ்வளவுப்பா கேக்கறே? ஐந்நூறு குறைச்சுக்கோ.' இந்த முறை அதை விட்டுவிட்டு வேறொன்று கேளுங்கள்: 'அண்ணே, செயினுக்கு அரம் போட்டாச்சா? இல்லைன்னா உட்கார்ந்து போடுங்க, நான் காப்பி கொண்டு வர்றேன்.'

அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.