கொட்டப்பட்டு மக்கள் எந்நாட்டுக் குடிகள்?

திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்துக்கு அண்மையிலுள்ள கொட்டப்பட்டில், இலங்கையிலிருந்து உயிர்க்கு அஞ்சி ஓடிவந்த தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 'அகதிகள்' என்னும் வடசொல்லால் அவர்களைச் சுட்டிவந்த தமிழக அரசு, 2021-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், இத்தகைய இருப்பிடங்கள் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப்படும் என அறிவித்தது. 'பாடி' என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க, 'முகாம்' என்னும் அயற்சொல்லை விடாது பற்றிக்கொண்டது ஒருபுறம் இருக்கட்டும். பெயர் மாறியும் நிலை மாறவில்லையே! இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் 'சட்டமுறையற்ற குடியேறிகள்'. இம்மண்ணிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்று, தாமும் மக்களைப் பெற்றுவிட்டவர் பலர்க்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யார் இவர்கள்? இவர்களுள் மலையகத் தமிழர் பலர். ஆங்கிலேயர் ஆட்சியில், குளம்பி தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கூட்டங் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்ட உழைப்பாளரின் வழிவந்தோர். அவ்வாறு ஆள் திரட்டுவதற்கென்றே இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஏற்படுத்திய 'இலங்கைத் தொழிலாளர் ஆணையம்' எவ்வூரில் தன் தலைமை அலுவலகத்தை வைத்திருந்தது? இதே திருச்சிராப்பள்ளியில்தான்! அன்று அவர்களைக் கப்பலேற்றுமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த மண்டபத்திலேயே, பின்னாளில் அவர்தம் பேரப்பிள்ளைகள் ஏதிலியராக வந்து இறங்கினர். ஆள் பிடித்து அனுப்பிய ஊருக்கே திரும்பி வந்தவர்களைப் பார்த்து, 'நீங்கள் முறைதவறி நுழைந்தவர்கள்' என்கிறது சட்டம்.

இடையில் நடந்தது என்ன? 1948 திசம்பர் 10 அன்று ஒன்றிய நாடுகள் அவை மாந்த உரிமைப் பறைசாற்றத்தை வெளியிட்டது. ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பது அதன் 15-ஆம் கூறு. அதற்கு இருபத்தைந்தே நாள்களுக்கு முன், நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரை நாடற்றவராக்கி நடுத்தெருவில் நிறுத்தியது. 1964 அக்தோபர் 30-இல் சிறிமாவோவும் சாசுதிரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். மந்தையைப் பங்கிடுவோர்கூட ஆட்டின் நிறம் பார்த்துப் பிரிப்பர்! 2003-இல் இலங்கை, அங்கு எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியது உண்மையே. ஆயினும் 1983 சூலைப் படுகொலைக்குப்பின் ஓடிவந்து, இங்கே வேரூன்றிவிட்டவர்கள் கேட்பது அந்நாட்டுக் குடியுரிமையன்று.

பன்னாட்டுச் சட்ட அறிஞரிடையே இதுபற்றி நெடிய வழக்கொன்று உண்டு. கொடுமைக்கு அஞ்சி வந்தவனை அக்கொடுமைக்குள்ளேயே திருப்பித் தள்ளலாகாது என்பது, 1951-ஆம் ஆண்டு செனீவா ஏதிலியர் உடன்படிக்கையின் 33-ஆம் கூறு. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. 1967-ஆம் ஆண்டுத் துணை உடன்படிக்கையிலும் இல்லை. ஐரோப்பியச் சூழலுக்கென எழுதப்பட்டது அது. நம் எல்லைகள் வேறு, சுமை வேறு என்பது தில்லியின் கூற்று. இக்கூற்றில் உண்மை அறவே இல்லையென்று தள்ளுவதற்கில்லை. கையொப்பமிடாமலேயே மூன்று நூறாயிரம் ஈழத்தமிழர்க்கு இந்நாடு இடந்தந்ததும் மறைக்கத் தக்கதன்று. ஆனால், நாடுகள் பலவும் நெடுங்காலம் கடைப்பிடித்த நெறி, கையொப்பமிடாதாரையும் கட்டும் வழக்குச் சட்டமாகிவிடும் என்பதும் பன்னாட்டுச் சட்டமே. ஏதிலியருக்கான உயர் ஆணையரின் செயற்குழுவில் 1995 முதல் அமர்ந்துகொண்டு, அதன் அடிப்படை உடன்படிக்கைக்கு மட்டும் கைநீட்ட மறுப்பது என்ன முறை? பன்னாட்டுச் சட்டத்தை மதிக்க முயலவேண்டும் என்று இந்திய அரசமைப்பின் 51-ஆம் கூறே சொல்கிறதே!

இடந்தருதல் வேறு, உரிமை தருதல் வேறு. தமிழர்க்கு அடைக்கலம் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என ஒரு காதையே உண்டு. ஆனால் அடைக்கலம் ஆள்வோரின் வாய்ச்சொல்லாக மட்டும் நின்றால் என்னாகும் என்பதைத் திருவரங்கம் 1752-இல் கண்டது. ஆங்கிலேயப் படையும் அதன் துணைப்படைகளும் சூழத் திருவரங்கத் தீவில் அகப்பட்ட சந்தா சாகிப்பு, உயிர்க்கு ஊறு நேராது என்று தஞ்சைப் படைத்தலைவன் தந்த உறுதியை நம்பிச் சென்றான். சில நாள்களில் அவன் தலை வெட்டப்பட்டது. (திருச்சிராப்பள்ளி அரசி மீனாட்சியை வஞ்சித்தவன் அவன் என்பது தனிக் கதை.) அன்றைய உறுதிக்கும் இன்றைய அரசாணைக்கும் வேறுபாடு பெரிதுதான், எனினும் இரண்டும் கொடுத்தவர் மனம் மாறும்வரையே நிற்பவை.

கொட்டப்பட்டு, மண்டபம் பாடிகளைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமை வேண்டுகையை நடுவணரசு கருதிப்பார்க்க வேண்டுமென 2019 சூனில் மதுரை உயர்முறைமன்றக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு திசம்பரிலேயே வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானித்தான், பாக்கித்தான், வங்கதேசம் என மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை மறந்தது. ஏதிலியர்க்கெல்லாம் இடங்கொடுக்க இந்தியா அறச்சாலையன்று எனும் பொருள்பட, ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில் 2025 மேத் திங்களில் மீவுயர் முறைமன்றம் சொல்லிற்று. அதே ஆண்டு செப்தம்பரில் நடுவணரசு வெளியிட்ட ஆணை, 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, உரிய தாள்களின்றி நுழைந்ததற்கான ஒறுப்பிலிருந்து விலக்கியது. நல்லதுதான். ஆனால் ஒறுப்பில்லை என்பது குடியுரிமையாகாது. அவ்வாணையைக் காட்டி ஒருவன் வாக்களிக்க முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குச் சென்றுள்ள 39 மக்களவை உறுப்பினர்கள் கேட்கவேண்டியவை இரண்டு: 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பம், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாட்டுப் பட்டியலில் இலங்கையின் பெயர். அடுத்த கூட்டத்தொடரிலேயே, எழுத்தில், கட்சி பாராமல் ஒருசேரக் கேட்கட்டும்.