துப்பாக்கி உங்கள் கையில்! கதை யார் கையில்?



உழவர்கரையில் இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும் வியாபாரியின் காதில் முதலில் விழுவது என்ன? மகனுடைய அறையிலிருந்து வரும் வெடிச்சத்தம்! தலையில் ஹெட்செட், கையில் கன்ட்ரோலர். இணையம் வழியாக ஒரு பக்கம் லாஸ்பேட்டைத் தோழன். மறுபக்கம் எந்த நாட்டவன் என்றே தெரியாத ஒருவன். எல்லோரும் சேர்ந்து சுடுகிறார்கள்.

"பிள்ளை ஊர் சுற்றாமல் வீட்டில்தானே இருக்கிறான்" என்று தந்தைக்கு நிம்மதி. "படிப்பு கெடுகிறதே" என்று தாய்க்குக் கவலை. இந்த இரண்டையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. இந்த விளையாட்டில் எதிரி யார்? அவனை எதிரி என்று தீர்மானித்தவர் யார்?

புரட்டப்பட்ட வரலாறு

1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பாஸ்ராவை நோக்கிப் பின்வாங்கிய இராக்கியரின் வாகன வரிசையை, அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் குண்டு வீசி எரித்தன. 'மரண நெடுஞ்சாலை' என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. 2019 அக்டோபரில் 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' வெளிவந்தது. அதன் கதைப் பகுதியில் அதே பெயரில் ஒரு சாலை வருகிறது. ஆனால் குண்டு வீசியவர்கள் ரஷ்யர்களாம்! குற்றம் ஒருவருடையது, பழி இன்னொருவருக்கு. சரித்திரப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத மாணவன் எதை நம்புவான்?

2002-இல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை அமெரிக்க இராணுவமே தயாரித்து இலவசமாகக் கொடுத்தது. நோக்கம் ஆள் சேர்ப்பு! இருபது ஆண்டுகள் ஓடி, 2022-இல்தான் அது மூடப்பட்டது. "வெறும் விளையாட்டுதானே" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கேட்டால் கிடைக்கும்

சோர்ந்துபோக வேண்டியதில்லை. 'மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டில் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படச்சட்டத்தில் நபிமொழி எழுதப்பட்டிருந்தது. ஆட்சேபம் எழுந்ததும் 2012-இல் அந்தக் களத்தையே நிறுவனம் விலக்கியது. 2020-இல் பப்ஜியில் சிலைக்கு முன் தலைவணங்கும் காட்சி வந்தது, எதிர்ப்பு எழுந்தது, நீக்கினார்கள். 2021 நவம்பரில் 'வான்கார்ட்' விளையாட்டில் திருக்குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடந்தன. நீக்கி மன்னிப்பும் கேட்டார்கள். சுட்டிக்காட்டினால் திருத்துகிறார்கள். மௌனமாக ஆடிக்கொண்டிருந்தால் யார் திருத்துவார்கள்?

வேதத்தின் பக்கங்களுக்காகக் குரல் கொடுத்தோம், நல்லது. எரிந்துபோன மனிதர்களின் வரலாறு புரட்டப்பட்டபோது அதே வேகம் நமக்கு ஏன் வரவில்லை?

தடை போதுமா?

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் பெயர் மாறித் திரும்பியது. 2022-இல் அதுவும் முடக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் வந்தது. 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டமோ பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத்தான் தடுக்கிறது. சட்டம் வந்து நம் வீட்டுப் பிள்ளையைத் திருத்தும் என்று காத்திருக்காதீர்கள்.

வணிகர்களே! 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டின் உரிமையாளரான ஆக்டிவிஷன் பிளிஸார்டை 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. இலாபம் இல்லாத சரக்குக்கு யாராவது இந்த விலை கொடுப்பார்களா? ஆட்டம் இலவசம் என்பார்கள். துப்பாக்கியின் நிறத்துக்கும் வீரனின் உடைக்கும் காசு கேட்பார்கள். கடைக் கணக்கோடு இணைத்த போனையும் கார்டையும் பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள். கட்டுப்பாடின்றி ஆடும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எல்லை மீறினால் அடிக்காதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மகனுக்காக அங்கே போவது கௌரவக் குறைச்சல் அல்ல.

இளைஞர்களே! கன்ட்ரோலரை உடைத்துப் போடச் சொல்லவில்லை. நேரத்துக்கு அளவு வையுங்கள். சுடுவதற்கு முன் எதிரி யாரென்று கேளுங்கள். காட்டப்படும் ஊரின் உண்மை வரலாற்றைத் தேடிப் படியுங்கள். தவறு கண்டால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். கணினி படிக்கும் தம்பிமார்கள் ஒருபடி மேலே போகட்டும். விளையாட்டை உருவாக்கக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்தவன் எழுதும் கதையில் என்றைக்கும் நாம் சுடப்படுபவர்களாகவே இருக்க வேண்டுமா?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!