கடல் கேட்காத கேள்வி

ஆர்ப்பரித்து வரும் அலை, 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பதில்லை. புயல், பிரபுவின் மகனுக்குப் பணிவதுமில்லை. பாட்டாளியின் மகன் என்பதற்காகச் சீறுவதுமில்லை. ஆயினும், தோழர்களே, கடலுக்கே அரசி என்று தருக்கித் திரிந்த பிரிட்டன், தன் போர்க்கப்பலுக்கு அதிகாரி தேடியபோது முதலில் கேட்ட கேள்வி என்ன? 'யார் வீட்டுப் பிள்ளை?'

சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை சிபாரிசோடு வருவான், பதவி பெறுவான். பாய்மரம் ஏறியறியாதவன், ஏறி ஏறிக் கைகாய்த்தவனுக்குக் கட்டளையிடுவான்! இந்தக் கேலிக்கூத்துக்கு 1677இல் அணை போட்டார் சாமுவேல் பீப்ஸ். யார் அவர்? தையற்காரரின் மகன்! லெப்டினென்ட் ஆக வேண்டுமா? மூன்றாண்டு கடலில் உழை, பிறகு தேர்வில் தேறு என்று விதி செய்தார். தரைப்படையிலோ 1871 வரை பதவி விலைக்கு விற்கப்பட்டது!

தேர்வு வந்தது, நீதி வந்ததா? இல்லை. தேர்வுக்குச் செல்லும் வாயிலில் செல்வாக்கு காவல் நின்றது. 1771இல் 12 வயது நெல்சன் ஏறியது தாய்மாமன் தலைமை தாங்கிய கப்பல். 1777இல் லெப்டினென்ட் தேர்வு. கேள்வி கேட்டோர் வரிசையிலும் அதே மாமன்! 18 வயதில் பதவி. நெல்சன் திறமைசாலி, நாம் மறுக்கவில்லை. திறமையும் இருந்தது, மாமனும் இருந்தார். திறமை இருந்து மாமன் இல்லாதவன் கதி?

ஜேம்ஸ் குக்கைப் பாருங்கள். பண்ணைக் கூலியாளின் மகன். நிலக்கரிக் கப்பலில் தொழில் கற்று, 1755இல் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். லெப்டினென்ட் ஆனது 1768இல், 39 வயதில்! பசிபிக் பெருங்கடலை உலகப் படத்தில் ஏற்றிய கைக்கு, அத்தனை ஆண்டு காத்திருப்பு!

கல்விக்கூடம் கட்டினார்களே என்பீர். கட்டினார்கள். 1733இல் போர்ட்ஸ்மத்தில் திறந்தார்கள், பிரபுக்கள், கனவான்களின் பிள்ளைகளுக்கு! 1863இல் பயிற்சிக் கப்பல் பிரிட்டானியா டார்ட்மத் வந்தது. 1905இல் கரைமீது கல்லூரி எழுந்தது. ஆண்டுக் கட்டணமோ 75 பவுன். சுரங்கத் தொழிலாளி எங்கே போவான் அதற்கு? கட்டணத்தை ஒழியுங்கள் என்று அட்மிரல் ஃபிஷரே வாதாடினார். ஒழிந்தது எப்போது? தொழிற்கட்சி ஆட்சியில், 1947இல்! அதற்குள் இரண்டு உலகப் போர்கள். அந்தப் போர்களில் மூழ்கி மாள மட்டும் ஏழைக்குக் கட்டணம் கேட்கவில்லை!

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், 1928இல்தான் முதல் இந்தியர் அக்கடற்படையில் அதிகாரியானார். 1927இல் பம்பாயில் தொடங்கிய டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவர், நமது செங்கற்பட்டில் பிறந்த கட்டாரி. 1958இல் அவரே கடற்படையின் முதல் இந்தியத் தலைவர்! அதுவரை இல்லாத திறமை திடீரென்று முளைத்ததா? இல்லை, அதுவரை திறவாத கதவு திறந்தது.

தேர்வு வைத்தோம், தகுதி பார்த்தோம் என்று மார்தட்டுவோரை நாம் கேட்போம்: தேர்வு நடக்கும் வாசல்வரை வர, எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் வழி விட்டீரா? பதில் சொல்லுங்கள், பிறகு பேசுவோம் தகுதியை!