ஜிபிஎஸ் இருக்கே, கலங்கரை விளக்கம் எதுக்கு?

காஞ்சிபுரம்னா பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல்லவர் காலத்தில் காஞ்சிக்கு ஒரு கடல் வாசலும் இருந்தது. சுமார் 65 கி.மீ. தள்ளியுள்ள மாமல்லபுரம்தான் அது.

ஒரே குன்று, இரண்டு விளக்கு

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் நிற்கிறது ஓலக்கணேஸ்வரர் கோயில். 8-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கூரையே விளக்கு மேடையானது. ‘பழைய லைட்ஹவுஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறகு, பக்கத்திலேயே கருங்கல் கோபுரம் எழுந்து 1904-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

பெயர் எப்படி வந்தது?

‘கலம்’ என்றால் கப்பல். ‘கரைதல்’ என்றால் அழைத்தல். காக்கா கரையுதுன்னு சொல்றோமே, அதேதான். கப்பலைக் கூப்பிடும் விளக்கு! காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே, ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ ஏற்றிக் கலங்களை அழைக்கும் துறை வருகிறது.

இன்னும் தேவையா?

தேவை. ஜிபிஎஸ் சிக்னலைத் தடுக்கலாம், திசைமாற்றலாம். ஃபைபர் படகில் போகும் மீனவரின் போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்கென ஒரு கால இடைவெளியில் மின்னும். அதை எண்ணிப் பார்த்தே ‘இது எந்தக் கரை’ன்னு சொல்லிவிடலாம். அதற்கு நெட்வொர்க் வேண்டாம், கண் போதும்.

செய்ய வேண்டியது

கோயில் தொல்லியல் துறையிடம், கோபுரம் கலங்கரை விளக்கத் துறையிடம். அதனால் சில அடி தூரத்தில் இருக்கும் ஒரே கதை இரண்டாக உடைந்து கிடக்கிறது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த புதிய சட்டம், பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களை அடையாளம் கண்டு கல்வி, பண்பாடு, சுற்றுலாவுக்காக மேம்படுத்த வழி தருகிறது. இரு துறைகளும் சேர்ந்து, சங்கப்பாடலில் தொடங்கி இன்றைய விளக்கு வரை ஒரே கதையாக அங்கே சொல்ல வேண்டும்.

கோபுரம் ஏறி செல்ஃபி எடுப்பது தப்பில்லை. ஆனால் அடுத்த முறை, பக்கத்துப் பாறையில் நிற்கும் அந்தச் சின்னக் கோயிலையும் ஒரு நிமிஷம் பாருங்க. கப்பல்களைக் கூப்பிட்ட இடம் அது.