கணக்கு நோட்டு யார் கையில்?

வரி என்று பேச்செடுத்தாலே நம் தோழர்களில் பாதிப்பேர் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள். 'அதெல்லாம் ஆடிட்டர் சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்கிறார்கள். திருப்பெரும்புதூரில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறுபோட்ட ஒரு ஆலை எட்டே ஆண்டில் மூடப்பட்டதில் இந்த ஆடிட்டர் சமாச்சாரத்துக்கும் பங்குண்டு. அதனால் இந்தமுறை தலையங்கம் அதைப் பற்றித்தான். டீயை வாங்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006இல் செல்பேசி வெளிவரத் தொடங்கியது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்கிற பட்டம். மண்டலச் சட்டப்படி ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு முழு வருமானவரி விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி விலக்கு. உள்நாட்டில் விற்றதற்குக் கட்டிய விற்பனை வரியையும் மாநில அரசு திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. எல்லாம் சட்டப்படிதான். வரித் திட்டமிடல் என்று இதற்கு மரியாதையான பேர் இருக்கிறது. ரேஷன் அரிசிக்கு அரசு கொடுத்தால் மட்டும் அது 'இலவசம்' ஆகிவிடும்.

2013 ஜனவரியில் வருமானவரித் துறை ஆலைக்குள் வந்தது. செல்பேசிக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக ஃபின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குப் பணம் போகிறதே, அது உரிமத்தொகை, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றது துறை. கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய். அது உரிமத்தொகையே அல்ல என்றது கம்பெனி. அந்த செப்டம்பரில் நோக்கியாவின் செல்பேசித் தொழிலை வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 மார்ச்சில், 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் ஆலையைக் கைமாற்றலாம் என்ற நிபந்தனையை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மாதம் மாநில அரசும் 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய செல்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது அதன் வாதம். கம்பெனி மறுத்தது. ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் செல்பேசித் தொழிலை வாங்கிக்கொண்டு இந்த ஆலையை விட்டுவிட்டுப் போனது. 2014 நவம்பர் 1ஆம் தேதி இயந்திரம் நின்றது.

2018இல் இரண்டு நாட்டு அரசுகளும் பேசி முடித்தன. நோக்கியா கட்டியது 20 கோடியே 20 லட்சம் யூரோ, அதாவது ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய். அரசுக்கும் கம்பெனிக்கும் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது. ஆலையில் வேலைபார்த்த நம்ம பொண்ணுங்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். ஆலை நிற்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வில்' வெளியேற்றப்பட்டார்கள். விருப்ப ஓய்வுப் பணத்தில் ஐந்து லட்சம் வரை வருமானவரி இல்லை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(10சி) பிரிவு சொன்னது. ஆனால் அதற்கான விதியைப் புரட்டினால், பத்தாண்டு வேலை முடித்திருக்க வேண்டும் அல்லது நாற்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஆலையின் ஆயுளே எட்டாண்டு! முதல்நாள் உள்ளே போய்க் கடைசிநாள் வெளியே வந்தவருக்கும் பத்தாண்டு ஆகியிருக்காது. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்குப் போன பெண்ணுக்கு நாற்பது வயது எங்கிருந்து வரும்? இதுவே 'ஆட்குறைப்பு' என்று எழுதப்பட்டிருந்தால் இந்தப் பத்தும் நாற்பதும் கிடையாது. அந்த விலக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற சட்டக் கணக்கு வரைதான், சின்னத் தொகைதான். இருந்தாலும் கையெழுத்து வாங்கும் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பது பணமாக மாறும் இடம் இது. மூன்றாண்டுக்கு மேல் வேலைபார்த்து இழப்பீடு வாங்கியவர் படிவம் 10இ கொடுத்து வரிச்சுமையைக் குறைத்துக்கொள்ளவும் அன்று வழி இருந்தது. வாயில் கூட்டத்தில் முழக்கம் எழுதிக் கொடுத்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது?

இன்னொன்று. மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் உரிமத்தொகையா என்ற சண்டையில், வேறு கம்பெனிகளின் வழக்குகளைச் சேர்த்து விசாரித்த உச்சநீதிமன்றம் 2021 மார்ச்சில், வெறுமனே மென்பொருளை வாங்கி விற்பதும் பயன்படுத்துவதும் உரிமத்தொகை ஆகாது என்றது. அது நோக்கியாவுக்கான தீர்ப்பல்ல. ஆனால் சட்டத்தின் அர்த்தம் தெளிவாகும் முன்பே யாருடைய பிழைப்பு போய்விடுகிறது என்பதைக் காட்ட அது போதும்.

இப்போது ஒரகடம் பக்கம் வருவோம். ஆள் அனுப்புவது, துப்புரவு, வேன் ஓட்டுவது என்று ஒப்பந்தம் எடுத்து மேலே வரப் பார்க்கிற நம்ம பையன்கள் இருக்கிறார்கள். ஆள் அனுப்பும் பில்லில் சம்பளத்தையும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கம்பெனிக்காரன் பணத்தைத் தொண்ணூறு நாள் கழித்துக் கொடுத்தாலும் தேதி நகராது. வட்டிக்கு வாங்கி வரி கட்டுகிறான். இங்கே 2023 நிதிச் சட்டம் ஒரு கொக்கி போட்டது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், வாங்கிய கம்பெனி அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஆக, உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சடிக்காமல் இருப்பது கையிலிருக்கும் கம்பைக் கீழே போடுவது மாதிரி.

நம் அமைப்புகளின் கதை இதைவிட மோசம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். ஆலைக்குப் பக்கத்துச் சேரியில் மாலைப்பள்ளி நடத்துகிறவர்களுக்கு அது வருவதில்லை. ஏன்? 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பணத்தை வாங்கும் டிரஸ்டுக்குத் தனிப் பதிவு வேண்டும், 12ஏபி வேண்டும், 80ஜி வேண்டும். ஃபைல் வைத்திருப்பவர்கள் நகரத்திலிருந்து வந்து நம் தெருவில் போர்டு மாட்டிவிட்டுப் போகிறார்கள். இது சாதியின் வேலை இல்லையா என்றால், ஆம், அதுதான். தலைமுறையாகக் கணக்கெழுதியவன் கையில்தான் இன்றும் ஃபைல் இருக்கிறது. ஆனால் நம் தப்பையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு படிப்பகத்தில் வசூல் நோட்டு இருந்தது, செலவு நோட்டு இல்லை. உண்டியல் காசுக்கு ரசீது கேட்டவரை 'தோழர் மேல சந்தேகமா' என்று மடக்கியதும் நாங்கள்தான். தணிக்கை அறிக்கை ஒரு நாள் தாமதமானாலும் விலக்கை மறுக்கத் துறைக்கு வழி இருக்கிறது. அங்கே தியாகத்துக்கு மதிப்பெண் கிடையாது.

சிலையில் அம்பேத்கர் கையிலிருப்பது அரசியல் சட்டம். 1925இல் அவர் அச்சிட்ட நூலோ பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. யார் வரி கொடுத்தார்கள், யார் கையால் செலவழிந்தது என்று புள்ளிவிவரத்தோடு உட்கார்ந்து எழுதியவர் அவர். நம் படிப்பு வட்டங்களில் அந்த நூலை எடுத்துக் கடைசியாக எப்போது பேசினோம்?

அடுத்த படிப்பு வட்டத்தில் கவிதை வாசிப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் இதற்குத்தான். ஆலையில் வேலைபார்க்கும் தோழர்கள் படிவம் 16, பிஎஃப் சீட்டு, நிர்வாகம் கையெழுத்து வாங்கிய தாளின் நகல் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். படிப்பகம் நடத்துவோர் ரசீதுக் கட்டோடு வரவும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வணிகவியல் படிக்கும் மாணவர்கள் இருவர் கணக்கு எழுதிக் காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

— ஆசிரியர் குழு